இரண்டு தட்டு, ஒரு மேசை

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“எனக்கு 52 வயது, கணவருக்கு 56. மகள் வேலைக்குப் போய்விட்டாள். இப்போதுதான் ஆண்டுக்கு ஒரு முறை வெளிநாடு பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். நான் பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடக் கிடையாது. அவர் எல்லாம் சாப்பிடுவார். சென்ற ஆண்டு ஒரு குழுவோடு பாங்காக் போனோம். ஐந்து நாளும் இந்திய உணவகத்தில் பன்னீரும் பருப்பும் ரொட்டியும்தான். ஒரு மாலை கடைத்தெருவில் உப்புப் பூசிய மீனை முழுசாகச் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னோடு நடந்து வந்துவிட்டார். அந்த முகம் என் மனதை விட்டுப் போகவில்லை. இந்த ஆண்டு பினாங்கு, பாங்காக், ஹோ சி மின் நகரம் என்று பத்து நாளில் மூன்று ஊர் போகலாம் என்கிறார். ‘நீங்கள் நண்பர்களோடு போய் வாருங்கள், நான் வீட்டில் இருக்கிறேன்’ என்று சொல்லிவிடலாமா?”

அன்புச் சகோதரி,

சொல்லாதீர்கள். அவரும் உங்களிடம் அதை எதிர்பார்க்கவில்லை என்றே உங்கள் கடிதம் எனக்குச் சொல்கிறது.

எங்கள் வீட்டில் உங்கள் கதை தலைகீழ். நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்தவள். மீன் இல்லாத நாள் எனக்கு விரத நாள். என் கணவர் சுத்த சைவம். கல்யாணமான புதிதில் எந்த ஊருக்குப் போனாலும் அவருக்காக நானும் சைவ ஓட்டல் தேடி அலைந்தேன். தியாகம் செய்வதாகவெல்லாம் அப்போது நினைக்கவில்லை. அன்பு என்றுதான் நினைத்தேன். ஆனால் அடக்கிவைத்த ஆசை அடங்கியே கிடப்பதில்லை. திரும்பி வந்து ஆறு மாதம் கழித்து, ரசத்தில் உப்பு குறைந்ததற்கு அவரோடு சண்டை போட்டேன். எதற்காக அவ்வளவு கோபம் என்று எனக்கே விளங்க நெடுநாள் ஆயிற்று. இவ்வளவு சொல்வதற்குக் காரணம், உங்கள் கணவர் நிற்கிற இடத்தில் நான் நின்றிருக்கிறேன். அவருக்குத் தேவை நீங்கள் இல்லாத பயணம் அல்ல. “அந்த மீனை வாங்குங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்” என்ற ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை என் கணவர் எனக்குச் சொன்ன ஊர் பினாங்கு.

அதனால் மற்ற இரண்டு ஊர்களையும் இந்த முறை விட்டுவிடுங்கள். பத்து நாளில் மூன்று நாடு என்றால் பாதி நாள் விமான நிலைய வரிசையிலும் பெட்டி கட்டுவதிலும் போய்விடும். சாப்பிடப் போகிறவர்களுக்கு அவசரம் ஆகாது. மலேசியத் தீவான பினாங்கில் ஆறு நாள் தங்குங்கள். யுனெஸ்கோ 2008-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஜார்ஜ் டவுன் பகுதிக்குள்ளேயே அறை எடுத்தால், நடக்கும் தொலைவில் முக்கால்வாசி ஊர் வந்துவிடும்.

பினாங்கைச் சொல்வதற்குக் காரணம் அங்கே உட்கார்ந்து சாப்பிடும் முறை. அப்படிப்பட்ட கடைக்குக் கோப்பித்தியாம் என்று பெயர், நம் ஊர் காப்பிக்கடைக்கு உறவான சொல். கடையின் சொந்தக்காரர் காப்பி, தேநீர், பழச்சாறு மட்டும் விற்பார். உள்ளேயும் வாசலிலும் ஐந்தாறு தள்ளுவண்டிக்காரர்களுக்கு இடத்தை வாடகைக்கு விட்டிருப்பார். ஒருவர் ஒரே ஒரு பண்டம்தான் செய்வார். சிலர் அதையே இரண்டு தலைமுறையாகச் செய்கிறவர்கள். நீங்கள் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு வண்டியில் வேண்டியதைச் சொல்லி மேசையைக் காட்டிவிட்டு வந்தால் தட்டு தேடி வரும். காசு தட்டு வந்தபிறகுதான். ஆளுக்கொரு பானமாவது வாங்குவது மரியாதை, உட்காரும் இடம் காப்பிக்காரருடையது அல்லவா? இப்படி ஒரே மேசையில் அவர் தட்டு ஒரு கடையிலிருந்தும் உங்கள் தட்டு இன்னொரு கடையிலிருந்தும் வந்து சேரும். யாருக்காகவும் யாரும் எதையும் விட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பன்றி இறைச்சி சேர்ந்த தட்டை முஸ்லிம் கடைக்காரரின் மேசைக்கு எடுத்துப் போகக் கூடாது. இரண்டும் இருக்கும் இடங்களில் மேசைகளைத் தனியாகவே பிரித்து வைத்திருப்பார்கள்.

இனி உங்கள் தட்டு. முதல் முறை போனபோது நாங்கள் ஒரு பாடம் படித்தோம். மலாயில் காய்கறிக்குச் ‘சாயூர்’ என்று பெயர் எனத் தெரிந்துகொண்டு, “சாயூர் மட்டும்” என்று பெருமையாகக் கேட்டோம். காங்கோங் என்னும் கீரையைப் பூண்டு போட்டு வதக்கிக் கொண்டுவந்தார்கள், பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருந்தது. இரண்டாவது வாயில் என் கணவர் கையை எடுத்துவிட்டார். எனக்கு வாசனையிலேயே தெரிந்திருக்க வேண்டும், பசியில் கவனிக்கவில்லை. இறால் கூனியை உப்பிட்டுப் புளிக்கவைத்து அரைத்த பெலாச்சான் அதில் இருந்தது. கடைக்காரர் மேல் என்ன தவறு? காய்கறி கேட்டோம், காய்கறி கொடுத்தார்.

தென்கிழக்கு ஆசியாவில் சைவர்களுக்குச் சிக்கல் கறித்துண்டால் வருவதில்லை, அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். மலேசியாவில் பெலாச்சான், தாய்லாந்தில் மீன் சாறான நாம் பிளா, வியட்நாமில் அதே போன்ற நுக் மாம் என்று கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருப்பவைதான் சிக்கல். அதனால் “காய்கறி வேண்டும்” என்று கேட்காதீர்கள். “தாக் மாவு ஈக்கான், ஊடாங், பெலாச்சான், தெலூர்” என்று சொல்லுங்கள். மீன், இறால், பெலாச்சான், முட்டை வேண்டாம் என்று பொருள். சீனர் கடையில் அதைவிடச் சுருக்கமான வழி உண்டு. பினாங்குச் சீனர்களில் பெரும்பாலோர் ஹொக்கியன் பேசுகிறவர்கள். அவர்கள் மொழியில் ‘சியா சாய்’ என்றால் சைவம் சாப்பிடுதல். அந்தச் சொல்லைக் கேட்டதும் நீங்கள் விரதக்காரர் என்று புரிந்துகொள்வார்கள். பௌத்தர்களும் தாவோ வழியினரும் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் சாப்பிடுவது அங்கே வழக்கம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் அந்த நாட்களில் சைவக் கடைகளில் கூட்டம் நெரியும்.

முடிந்தால் ஒன்பது பேரரசர் திருவிழா நாட்களில் போங்கள். சீனச் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள் அது. பல ஆண்டுகளில் நம் நவராத்திரியை ஒட்டியே வரும். பக்தர்கள் வெள்ளை உடுத்தி, வெங்காயம் பூண்டுகூட விலக்கிச் சாப்பிடுவார்கள். தெருவெங்கும் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் முளைத்துவிடும். வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இருந்தால் கிளம்ப மனம் வராது, தெரியும். ஒரு வருடம் மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: உங்கள் கோடு எது? தட்டில் அசைவம் இருக்கக் கூடாதா, குழம்பிலும் கூடாதா, அல்லது அசைவம் சமைத்த சட்டியே ஆகாதா? மூன்றாவது என்றால் சைவம் மட்டும் விற்கும் கடைகளே உங்களுக்குச் சரி. அதற்கும் பினாங்கில் பஞ்சமில்லை. நம்மவர்களின் சைவ உணவகங்கள் லிட்டில் இந்தியாவில் இருக்கின்றன, தமிழிலேயே கேட்டு வாங்கலாம். ஆனால் ஆறு நாளும் அங்கேயே போய் உட்கார்ந்துவிடாதீர்கள், பாங்காக் கதை திரும்பிவிடும். சீனர்களின் சைவக் கடையில் லக்சா கேளுங்கள். அசல் பினாங்கு அசாம் லக்சா கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, புளிச் சாற்றில் கரைத்து, அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, அன்னாசி, புதினா, இஞ்சி இனத்துப் பூ ஒன்றைச் சீவிப் போட்டுத் தருவது. எங்கள் ஊர்ப் புளிக்குழம்பு கப்பலேறிப் போய்ச் சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டது போல் இருக்கும்! மீன் இல்லாமல் அதே புளிப்பும் பூ வாசனையுமாகச் சைவ லக்சாவும் செய்கிறார்கள். இருவரும் லக்சா சாப்பிட்டுவிட்டு எது நன்றாக இருந்தது என்று வழக்கடிக்கலாம்.

சாயங்கால வெயிலுக்குச் செண்டோல் சாப்பிடுங்கள். தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சிவப்புப் பயறு, ரம்பை இலைச் சாற்றில் பிசைந்த பச்சை இழை எல்லாம் பனிச்சீவலோடு கிண்ணத்தில் வரும். ஜாதிக்காய்ச் சாறும் குடித்துப் பாருங்கள், அந்தத் தீவிலேயே விளையும் ஜாதிக்காயின் சதையில் செய்வது. அப்பத்தை அங்கே ‘அப்போம்’ என்பார்கள். பெயரைக் கேட்டு மகிழ்ந்து வாயில் போட்டுவிடாதீர்கள், மாவில் முட்டை இருக்கலாம். இடியாப்பத்தைத் தேங்காய்ப்பூவும் வெல்லச் சர்க்கரையும் வைத்து ‘புத்து மாயம்’ என்று விற்பார்கள். அதைத் தைரியமாக வாங்குங்கள்.

இப்போது அவருக்கு. நாசி கண்டார் கடைக்கு நீங்களே அவரைக் கூட்டிப்போங்கள். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோறு ஒரு பக்கமும் குழம்பு மறுபக்கமுமாகக் காவடித் தண்டில் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தெருத்தெருவாக விற்றது அந்தச் சாப்பாடு. தோளில் தண்டு சுமப்பதற்கு மலாயில் கண்டார் என்று பெயர். மீன்தலை, ஆட்டுக்கறி, கணவாய் என்று வேண்டியதைக் காட்டிவிட்டு “பஞ்சிர்” என்று சொல்லச் சொல்லுங்கள். பஞ்சிர் என்றால் வெள்ளம். நாலைந்து குழம்பைச் சோறு மூழ்க ஊற்றிக் கொடுப்பார்கள். நீங்கள் எதிரில் தே தாரிக் என்னும் பால் தேநீரோடு உட்காருங்கள். வாசனை பொறுக்காது என்றால் வெளியோரத்து மேசையைப் பிடியுங்கள். முகத்தை மட்டும் சுளிக்காதீர்கள். என் கணவர் அன்று ஒரு முறைகூடச் சுளிக்கவில்லை. இருபது ஆண்டு அடக்கியதை ஒரே தட்டில் தின்று தீர்த்தேன். தட்டைப் பார்த்து, “இன்னொரு துண்டு மீன் வாங்கிக்கொள்” என்றார். அவர் எனக்கு வாங்கித் தந்த பட்டுப்புடவைகள் இத்தனை நாள் நினைவில் நின்றதில்லை.

சாப்பாட்டுக்கு நடுவே நடந்தால்தான் அடுத்த வேளை பசிக்கும். காலையில் 1923-இல் திறந்த மலை ரயிலில் பினாங்கு மலைக்கு ஏறுங்கள். இறங்கி வந்து கெக் லோக் சி பௌத்தக் கோயிலுக்குப் போகலாம், அருகில்தான். கோயிலிலேயே சைவ உணவகம் உண்டு. கீழே ஆயர் ஈத்தாம் கடைத்தெருவில் அவருக்கு மீன் போட்ட லக்சா கிடைக்கும். 1833-இல் எழுந்த குயின் தெரு மாரியம்மன் கோயிலும் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் ஒரே நடையில் பார்த்துவிடக் கூடியவை.

மிச்ச நாட்களுக்கு ஈப்போ. பினாங்கிலிருந்து படகில் கடலைக் கடந்தால் பட்டர்வொர்த் ரயில் நிலையம், அங்கிருந்து மின்சார ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அவருக்கு அவித்த கோழியும் கொழுத்த முளைப்பயறும், உங்களுக்குச் சோயாப்பாலைத் தயிர்போல் உறையவைத்துச் சர்க்கரைப் பாகு ஊற்றித் தரும் தாவ் ஃபூ ஃபா, இருவருக்கும் வெள்ளைக் காப்பி. பக்கத்தில் பத்து காஜா என்னும் ஊரில் கெல்லி மாளிகை இருக்கிறது. ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி ஒருவர் கட்டத் தொடங்கி, 1926-இல் அவர் இறந்ததும் பாதியில் நின்றது. கட்டிய கைகளில் பல தமிழ்நாட்டிலிருந்து போனவை. நோய் பரவி ஆட்கள் மடிந்தபோது அவர்கள் கேட்டபடி அவர் ஒரு கோயில் கட்டிக்கொடுத்தார் என்று சொல்கிறார்கள். கோயில் கூரையில் தெய்வங்களோடு தொப்பி போட்ட துரையும் நிற்கிறார்.

பாங்காக்குக்கும் ஹோ சி மின் நகரத்துக்கும் அடுத்தடுத்த ஆண்டுகளில் போகலாம், அங்கும் வழி உண்டு. தாய்லாந்தில் சிவப்பு எழுத்து போட்ட மஞ்சள் கொடியைத் தேடுங்கள், ‘ஜே’ என்பது அங்கே விரதச் சைவம். வியட்நாமில் கடைப்பலகையில் ‘சாய்’ என்று இருந்தால் உள்ளே போங்கள்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன், இன்று இரவே அவரிடம் அந்த மீன் கடையைப் பற்றிப் பேசுங்கள். “அன்று உங்களுக்கு ஆசையாக இருந்தது, நான் பார்த்தேன்” என்று சொல்லுங்கள். முதலில் இல்லை என்பார். நானும் அப்படித்தான் சொன்னேன். இரண்டாம் முறை கேளுங்கள். திரும்பி வந்ததும் எனக்கு இரண்டு கடிதம் வேண்டும்: அவர் என்னென்ன சாப்பிட்டார் என்று நீங்கள் எழுத வேண்டும், நீங்கள் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று அவர் எழுத வேண்டும்.