ஆறடி சுற்றளவு மரத்துக்கு 90 சிசி செயின்சா வேண்டுமா?

கேள்வி: நாலு அடியிலிருந்து ஆறு அடி வரை சுற்றளவுள்ள, வைரம் பாய்ந்த மரங்களைச் சாய்க்க வேண்டும். 50, 70, 90 சிசி (இன்ஜின் கொள்ளளவு) என மூன்று அளவில் செயின்சா (மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம்) காட்டுகிறார்கள். “பெரிய மரம், 90தான் சரி, 30 அங்குல பார் போட்டுக்கொள்ளுங்கள்” என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 70 சிசி இயந்திரமும் 20 அங்குல பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) உங்கள் வேலைக்குப் போதும்.

சுற்றளவைச் சொல்லிப் பயமுறுத்தித்தான் பெரிய மெஷினைத் தலையில் கட்டுகிறார்கள். நீங்கள் அறுக்கப்போவது விட்டத்தை. சுற்றளவை 3.14 ஆல் வகுத்துப் பாருங்கள்: நாலடி மரம் 15 அங்குலம், ஆறடி மரம் 23 அங்குலம், அவ்வளவுதான். விட்டத்தைவிட பார் நீளமாக இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. சாயும் பக்கத்தில் விட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு ஆழம் வரை வாய் (ஆப்பு வடிவப் பள்ளம்) வெட்டுங்கள். பின்வெட்டை, அதாவது வாய்க்கு எதிர்ப்பக்கத்து வெட்டை, இரண்டு பக்கமிருந்தும் கொண்டுவாருங்கள். வாய்க்கும் பின்வெட்டுக்கும் நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அறுபடாமல் நிற்க வேண்டும். விழும் திசையைப் பிடித்து வைப்பது அந்தத் துண்டுதான். அதை அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கமும் திரும்பும்.

இனி எடைக்கு வருவோம். ஸ்டில் நிறுவனத்தின் மூன்று மாடல்களை உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். எம்எஸ் 261: 50.2 சிசி, பலம் 3.0 கிலோவாட், எடை 4.9 கிலோ. எம்எஸ் 462: 72.2 சிசி, 4.4 கிலோவாட், 6.0 கிலோ. எம்எஸ் 661: 91.1 சிசி, 5.4 கிலோவாட், 7.4 கிலோ. 50லிருந்து 70க்குப் போனால் 1.1 கிலோ கூடுதல் சுமைக்கு 1.4 கிலோவாட் கிடைக்கிறது. 70லிருந்து 90க்குப் போனால் 1.4 கிலோ கூடியும் ஒரே ஒரு கிலோவாட்தான். இந்த எடையில் பார், செயின், எரிபொருள், ஆயில் எதுவும் சேரவில்லை. 20 அங்குல பார் மாட்டித் தொட்டியை நிரப்பினால் இன்னும் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறும். அதைத் தரகர் சொல்ல மாட்டார். கை சோர்ந்த நேரத்தில்தான் பார் நுனியின் மேல்பகுதி எதிலாவது பட்டு மெஷின் முகத்தை நோக்கி எகிறும்.

90 சிசி நியாயமாகத் தேவைப்படும் வேலை ஒன்று உண்டு: சாய்த்த மரத்தை அங்கேயே பலகையாகப் பிளப்பது. நார் போகும் திசையில் நீளவாக்கில் அறுக்கும்போது வெட்டு ஒரு நிமிடத்தில் முடியாது. இன்ஜின் முழு வேகத்தில் தொடர்ந்து உழைக்க வேண்டும், சூடேறும். அடிமரத்தின் முழு அகலமும் ஒரே வெட்டில் வர வேண்டும் என்பதால் அங்கே நீள பாரும் வேண்டும், அதை இழுக்கும் பலமும் வேண்டும். பலகை அறுக்கும் செயினும் வேறு. அதன் பல் முனை ஏறக்குறைய 10 டிகிரியில் தீட்டப்பட்டிருக்கும், சாதாரண செயினில் 30 டிகிரி. பலகை போடும் எண்ணம் இருந்தால் மட்டும் 90ஐப் பாருங்கள். “என்றாவது போடலாம்” என்பதற்காக வாங்காதீர்கள்.

ஸ்டிக்கரில் உள்ள சிசியை நம்பவே கூடாது. மலிவு மெஷின்களில் 52 சிசி இன்ஜினுக்கு 62 என்று ஒட்டி விற்கிறார்கள். இதைக் கேட்பாரில்லை, விற்பவர் எழுதியதே கணக்கு என்றாகிவிட்டது. சிலிண்டர் விட்டத்தையும் பிஸ்டன் ஓட்டத்தையும் (பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம்) மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். சென்டிமீட்டராக்கி, விட்டம் × விட்டம் × ஓட்டம் × 0.785 என்று பெருக்கினால் உண்மையான சிசி வரும். 44.7 விட்டம், 32 ஓட்டம் என்றால் 50.2 சிசி. கூடவே கிலோவாட் அளவையும் கேளுங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

செயின் வாங்கும்போது பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு), டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணி) எண்ணிக்கை, கேஜ் (அந்தக் கண்ணியின் தடிமன்) மூன்றும் பாரோடு பொருந்த வேண்டும். பிட்ச், செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டோடும் பொருந்த வேண்டும். ஸ்டில்லின் சாதாரண 3/8 அங்குல பிட்ச் செயினைத் தீட்ட 5.2 மில்லிமீட்டர் உருண்டை அரம். தூள் சில்லாக வராமல் மாவாக வந்தால் செயின் மழுங்கிவிட்டது. “பவர் பத்தவில்லை, பெரிய மெஷின் எடுங்கள்” என்று தரகர் திரும்ப வருவதும் அப்போதுதான். முதலில் அரத்தை எடுங்கள்.