நாபாவுல ஒயின் குடிக்காம என்ன பண்றது?

கேள்வி: கலிஃபோர்னியாவுல ஒயினுக்குப் பேர்போன நாபா பக்கம் கிச்சனோட ரூம் எடுத்திருக்கோம், வீட்ல யாரும் குடிக்க மாட்டோம், பொழுது போகுமா? ரெசிபில ஒயின் ஊத்தச் சொல்றாங்களே, கொதிச்சா ஆல்கஹால் போயிடும்தானே? - ஒரு வாசகி

பதில்: முழுசா போகாதுங்க. அமெரிக்க விவசாயத் துறை கணக்குப்படி 15 நிமிஷம் கொதிச்சாலும் 40 சதவீதம் நிக்கும், இரண்டரை மணி நேரம் வச்சாக்கூட 5 சதவீதம் இருக்கும். அதுக்குப் பதிலா வெர்ஜூஸ் வாங்குங்க, பழுக்காத திராட்சைய பிழிஞ்ச சாறு அது, மஷ்ரூம் வெண்ணெய்ல செவந்து சட்டியில அடிபிடிக்க ஆரம்பிச்சதும் ரெண்டு ஸ்பூன் ஊத்தி சுரண்டி விட்டா எலுமிச்சை அளவுக்கு சுள்ளுன்னு இல்லாம இதமா புளிக்கும். காய்கறி, சீஸுக்கு நாபா ஊர்ல இருக்குற ஆக்ஸ்போ மார்க்கெட் போங்க. கலிஸ்டோகாங்கற ஊர்ல வெந்நீர் ஊற்று, சேத்துக் குளியல் இருக்கு (சேறு எனக்கு ஒத்துவராது, உங்க இஷ்டம்). வடக்கே ஆண்டர்சன் பள்ளத்தாக்கு வரைக்கும் கார் ஓட்ட தெம்பிருந்தா நவாரோங்கற திராட்சைத் தோட்டத்துல ஒயின் திராட்சையிலேயே ஆல்கஹால் இல்லாத ஜூஸ் போட்டு விக்கிறாங்க.