25 நாள் விட்டுக் காட்டினால் அடிமை இல்லையா?

பழக்கத்தையும் அடிமைத்தனத்தையும் எப்படிப் பிரித்தறிவது, "நினைத்தால் விட்டுவிடுவேன்" என்பவரை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இந்தப் பரீட்சை ஆண்டுதோறும் நடக்கிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாவுக்குக் கொடியேறினால் பல வீடுகளில் 25 நாளும் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. குடிப்பவர்களிலும் பலர் போத்தலைத் தொடுவதில்லை.

மீன் இல்லாமல் சோறு இறங்காத என் மாமா, முதல் இரண்டு நாள் கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்து முகம் சுளிப்பார். பிறகு மறந்துவிடுவார். அது பழக்கம். தேநீர் சற்றுச் சிக்கலானது. காலைத் தேநீரை விட்டால் மறுநாளே எனக்குத் தலையிடிக்கும். உடல் கஃபீனுக்குப் பழகியதன் விளைவு, சில நாளில் தீர்ந்துவிடும். உடல் தேடுவதால் மட்டும் ஒருவர் அடிமையாகிவிட மாட்டார். தேநீருக்காகத் தாலிக்கொடியை அடகு வைத்தவரை நான் கண்டதில்லை. (வெற்றிலைத் தட்டத்தையும் பழக்கம் என்றே சொல்கிறோம். அதில் புகையிலைத் துண்டு இருந்தால் நான் அப்படிச் சொல்லத் தயங்குவேன்.)

என் சித்தப்பா 25 நாளும் சுத்தமாக இருப்பார். கடைசி நாள் தீர்த்தத் திருவிழா முடிந்ததும் "ஒன்றே ஒன்று" என்று தவறணைக்குள் (மதுக்கடைக்குள்) நுழைவார்; இரவு யாராவது போய்த்தான் கூட்டிவர வேண்டும். சித்தி பேசினால், "விட்டுக் காட்டினேனே!" என்பார். அந்த 25 நாளை நான் சான்றாக எடுப்பதில்லை. 26ஆம் நாள் ஒன்றோடு எழுந்து வர முடிகிறதா என்றுதான் பார்ப்பேன்.

2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும் முதலில் இதைத்தான் கேட்கிறது: எப்போது தொடங்குவது, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில் இருக்கிறதா? அடுத்து, வேலை, குடும்பம், உடல்நலம் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அது முன்னுக்கு வந்துவிட்டதா? மூன்றாவது உடலின் கணக்கு: அதே போதைக்கு அளவு கூடுதல், நிறுத்தினால் உடல் வருந்துதல். நீண்ட காலமாக இவற்றில் இரண்டு காணப்பட்டாலே மது, போதைப்பொருள் சார்ந்திருத்தல் என்று கொள்கிறார்கள். சூதாட்டமும் வீடியோ கேமும் கூட அடிமையாக்கும் நடத்தைகளாக அங்கே இடம்பெற்றிருக்கின்றன.

உங்கள் வீட்டுக்காரர் தினமும் நிறையக் குடிப்பவரென்றால், நேர்த்தி என்று சொல்லி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணில் தெரிதல் எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். நேர்த்தியை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம்.