நம்பிக்கை எங்கிருந்து வரும்? வட சென்னையின் கேள்விகளுக்குப் பதில்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். நம்பிக்கையைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒன்றை மட்டும் வரிசையை மீறி முதலில் எடுக்கிறேன்.

கொருக்குப்பேட்டை: வேலை போச்சு, தலைக்கு மேல கடன். இருந்து என்ன பிரயோஜனம்னு தோணுது அக்கா.

தம்பி, இதை வாய்விட்டுச் சொன்னது ரொம்ப நல்லது. இப்போதே 14416-க்குப் போன் பண்ணுங்கள். அரசின் டெலி மனஸ் என்ற மனநல உதவிச் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். காலையில் யாரையாவது கூட்டிக்கொண்டு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மனச்சோர்வு முற்றினால் எதிரே இருக்கிற வழியும் கண்ணுக்குத் தெரியாது. கடனை அப்புறம் பார்க்கலாம். இன்று இரவு தனியாக இருக்காதீர்கள், உங்களுக்குப் பிடித்தவர் வீட்டில் போய்ப் படுங்கள்.

காசிமேடு: மீன்பிடித் தடைக்காலத்துல எங்களுக்கு 61 நாள் கடல் கிடையாது. சமாளிச்சுடுறோம். எண்ணூர் ஆத்துல இறால் பிடிக்கிற என் மச்சான், 2023 டிசம்பர்ல எண்ணெய் கலந்ததுல இருந்து சுருண்டுட்டார். மனசு அவ்வளவு பலவீனமா?

பலவீனம் இல்லை அண்ணே. உங்கள் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடியும் என்று தெரியும். அதற்குள் படகைப் பழுது பார்ப்பீர்கள், வலையைச் சரி பண்ணுவீர்கள். மச்சானுக்கு முடிகிற தேதியும் தெரியாது, தன் கையால் செய்ய ஒன்றும் இல்லை. பணக்கஷ்டத்தைவிட இதுதான் மனிதனை முடக்கும்.

1967-இல் செலிக்மன், மையர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நாய்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. படிக்கவே கஷ்டமாக இருக்கும். என்ன செய்தாலும் மின் அதிர்ச்சியை நிறுத்த முடியாமல் தவித்த நாய்களில் பெரும்பாலானவை, பிறகு ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற நிலையிலும் படுத்தே கிடந்தன. அடுத்து நடந்த ஒரு சோதனையில், கழுத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து, தடுப்பைத் தாண்டித் திரும்பத் திரும்ப இழுத்துப்போன பிறகுதான் அப்படிப்பட்ட நாய்கள் தாமாகத் தாண்டத் தொடங்கின. எதுவும் பயனில்லை என்று நாய்கள் கற்றுக்கொண்டுவிட்டன என்றுதான் முதலில் விளக்கினார்கள். 2016-இல் அவர்களே அதை மாற்றி எழுதினார்கள்: நீடித்த வேதனையில் முடங்கிப்போவது மூளையின் இயல்பு, ‘என்னால் ஒன்று செய்ய முடியும்’ என்பதைத்தான் அது கற்றுக்கொள்கிறது.

அதனால் மச்சானுக்கு அறிவுரை வேண்டாம். வலை வேலைக்கு உங்களோடு கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். முதலில் வர மாட்டார். மறுபடியும் கூப்பிடுங்கள். நிவாரணம் கேட்டு மனு எழுதினால் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

ராயபுரம்: பாசிட்டிவாக நினைத்தாலே நடக்கும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. எடை குறைக்க வந்த பெண்களை கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். இளைத்த உடம்பை இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சமாகத்தான் எடை இறங்கியிருந்தது. ஆனால், குறைக்க முடியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நன்றாகவே இறங்கியது. 2024-இல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற நம் காசிமா ஆட்டோ ஓட்டுநரின் மகள். கனவோடு நின்றிருந்தால் அந்தப் பதக்கங்கள் புதுவண்ணாரப்பேட்டைக்கு வந்திருக்காது, தினமும் போர்டு முன்னால் உட்கார்ந்த பயிற்சி அது.

வியாசர்பாடி: பையன் பிளஸ் டூ கணக்கில் ஃபெயில். ‘எல்லாம் நல்லபடியா நடக்கும்’னு தினமும் சொல்றேன், எரிந்து விழுறான்.

அம்மா, உங்கள் பாசம் புரிகிறது. ஆனால் அந்த வார்த்தையில் அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஸ்னைடர் என்ற உளவியலாளர் நம்பிக்கையை இரண்டாகப் பிரித்தார்: போக ஒரு வழி தெரிய வேண்டும், அதில் நடக்கத் தெம்பும் வேண்டும். ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று தெரிகிறவர்தான் சோர்ந்துபோகாமல் இருப்பார்.

சரி, வழிகளைப் பார்ப்போம். துணைத்தேர்வு இருக்கிறது, அதில் பாஸ் ஆனால் இந்த வருடமே கல்லூரியில் சேரலாம். பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து ஐடிஐ, பாலிடெக்னிக்கிலும் சேரலாம். இதை அவனுக்கு முன்னால் வையுங்கள், முடிவை அவன் எடுக்கட்டும். துணைத்தேர்வுதான் என்றால் விண்ணப்பிக்கும் நாளில் பள்ளிக்கு நீங்களும் கூடப் போங்கள். பாடத்தில் எந்தக் கணக்கு சுலபமோ அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று சரியாக வந்தால் அடுத்ததை அவனே எடுப்பான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கை மட்டும் வீட்டில் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.