எந்த டான்ஸ் மியூசிக் லேபிளை (ரெக்கார்டு வெளியிடுற கம்பெனியை) உண்மையிலேயே இண்டிபெண்டண்ட்னு சொல்லலாம்?

சோனி, யுனிவர்சல் மாதிரி பெரிய கம்பெனி எதுக்கும் பங்கு இல்லன்னா இண்டிபெண்டண்ட், பொதுவா அப்படித்தான் சொல்லுவாங்க. எனக்கு அது பத்தாது. ரெக்கார்டு வித்த காசு முதல்ல யார் கைக்குப் போகுது, லேபிள் ஓனர் "முடியாது"ன்னு சொன்னா அடுத்த மாசம் கடை ஓடுமா, நான் அதைத்தான் பாப்பேன்.

பிரிட்டன்ல 1980-ல இண்டி சார்ட், அதாவது இண்டிபெண்டண்ட் ரெக்கார்டுகளுக்கான விற்பனைப் பட்டியல், ஆரம்பிச்சப்போ ரூல் என்னன்னா ரெக்கார்டைக் கடைகளுக்குக் கொண்டு போறது பெரிய கம்பெனியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால பெரிய பாப் ஸ்டார் கைலி மினோக் பாட்டெல்லாம் இண்டி சார்ட்ல ஏறி உக்காந்துச்சு, ஏன்னா அவங்க இருந்த பிடபிள்யூஎல் லேபிளோட சரக்கு பினக்கிள்ங்கிற தனி டிஸ்ட்ரிபியூட்டர் வழியா போச்சு. கேக்க காமெடியாத்தான் இருக்கு. 2009-ல மாத்திட்டாங்க, பெரிய கம்பெனிகிட்ட 50 சதவீதப் பங்கு இல்லன்னா போதும், யார் டிஸ்ட்ரிபியூட் பண்ணாலும் பரவால்லன்னு. என்னைக் கேட்டா பழைய ரூல்தான் சரியான எடத்தைப் பாத்துச்சு.

ஏன்னா டான்ஸ் லேபிள்ல நிறைய நடக்குறது பி அண்ட் டி டீல், அதாவது பிரஸ்ஸிங் (ரெக்கார்டு அச்சடிக்கறது) அண்ட் டிஸ்ட்ரிபியூஷன். பிரஸ்ஸிங் செலவை டிஸ்ட்ரிபியூட்டரே போட்டுருவாரு, வித்து வர்றதுல முதல்ல அதை எடுத்துக்குவாரு, அப்புறம் கமிஷன், அப்புறம் கடையிலேர்ந்து ரிட்டர்ன் வந்தா என்ன பண்றதுன்னு ரிசர்வ்ங்கிற பேர்ல ஒரு தொகை, மிச்சம் இருந்தா லேபிளுக்கு. நான் ஒரு சின்ன லேபிளுக்குக் கணக்கு பாத்துக் குடுத்திருக்கேன், ஒரு 12 இஞ்ச் ரெக்கார்டு முழுசா வித்துத் தீந்துது, ஸ்டேட்மெண்ட்ல கடைசி வரியைப் பாத்தா மைனஸ். முந்தின ரெக்கார்டோட பாக்கியை இதுல கழிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் அடுத்து என்ன வெளியிடணும்னு முடிவு பண்ணது அந்த டிஸ்ட்ரிபியூட்டர்தான், "ரிஸ்க் வேணாம், முன்ன ஓடுன மாதிரியே ஒண்ணு குடுங்க"ன்னாங்க. பேப்பர்ல பங்கு 100 சதவீதமும் ஓனர்கிட்ட!

அமெரிக்காவுல டெட்ராய்ட்ல அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்ங்கிற டெக்னோ லேபிள் பண்ணது வேற கதை. அதை நடத்துன மைக் பேங்க்ஸ் லேபிளோட நிக்காம சப்மெர்ஜ்னு டிஸ்ட்ரிபியூஷனையும் சொந்தமா வச்சாரு. டிஜே ரொலாண்டோ 1999-ல அங்க போட்ட ட்ராக் பெரிய ஹிட்டாகி, ஜெர்மனில சோனிக்காரங்க இவங்க பெர்மிஷன் இல்லாம அப்படியே அச்சு அசலா ஒரு கவர் வெர்ஷன் (அதே பாட்டை வேற ஆளை வச்சுத் திரும்பப் பண்றது) பண்ணிட்டாங்க. மாஸ்டர், அதாவது ஒரிஜினல் ரெக்கார்டிங், உங்ககிட்ட இருந்தாலும் கவரைத் தடுக்கறது கஷ்டம். ஆனா எதிர்ப்பு கிளம்பி சோனி பின்வாங்குச்சு. சோறு போடுற கையும் அதே சோனியா இருந்திருந்தா இவங்களால அப்படி எதிர்த்து நின்னுருக்க முடியுமா?

எல்லாரும் சொந்தமா டிஸ்ட்ரிபியூஷன் வைக்க முடியாதுதான், ஒத்துக்கறேன். தனி டிஸ்ட்ரிபியூட்டர்னாலும் கேரண்டி இல்ல, அதே பினக்கிள் 2008 டிசம்பர்ல திவாலாச்சு, அவங்களை நம்பியிருந்த லேபிள்கள் பாடு திண்டாட்டம். இன்னொரு தலைவலி, நீங்க கான்ட்ராக்ட் போட்ட டிஸ்ட்ரிபியூட்டரையே பெரிய கம்பெனி வாங்கிரும். தி ஆர்ச்சர்டுங்கிற டிஸ்ட்ரிபியூட்டர் 2015-ல முழுசா சோனிக்குப் போச்சு, பியாஸ்ங்கிற இன்னொண்ணு 2024-ல முழுசா யுனிவர்சலுக்கு. லேபிள் ஓனர் தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள அவரோட டிஸ்ட்ரிபியூட்டர் பெரிய கம்பெனி ஆயாச்சு. அதனால கான்ட்ராக்ட்ல, கை மாறுனா நாங்க வெளிய போகலாம்னு ஒரு வரி இருக்கா, போனா பழைய கேட்டலாக் (இதுவரை வெளியிட்ட ரெக்கார்டுகள்) எத்தனை நாள்ல திரும்பக் கைக்கு வரும், ரிசர்வ் தொகையை எப்போ விடுவிப்பாங்க, இதெல்லாம் எழுதியிருக்கான்னு பாருங்க. முக்கியமா, ஒரு ரெக்கார்டு நஷ்டத்தை இன்னொண்ணுல கழிக்கறதை அடிச்சுட்டு சைன் பண்ணுங்க.