அம்போரெல்லா: கட்டையை அறுத்துப் பார்த்து மரத்தின் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது – கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பூவும் காயும் இருக்கும்போது எதற்குக் கட்டையை அறுத்துப் பார்க்க வேண்டும்?

பதில்: அம்போரெல்லாவின் கதையே போதும் தம்பி. பசிபிக்கில் நியூ கலிடோனியாவின் பெரிய தீவில், ஈர மலைக்காட்டு நிழலில் மட்டும் வளரும் சிறிய மரம், உலகில் வேறெங்கும் கிடையாது. இதை வெகுகாலம் மோனிமியேசி குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். 1948இல் தாவரவியலாளர்கள் பெய்லியும் பி.ஜி.எல். சுவாமியும் கட்டையைச் சீவிப் பார்த்தால், மோனிமியேசி மரங்களில் இருக்கும், தண்ணீரை மேலே ஏற்றும் சைலக்குழாய் இதில் ஒன்றுகூட இல்லை! அதே ஆண்டு அம்போரெல்லேசி என்று தனிக் குடும்பமும் வந்துவிட்டது. அந்தச் சுவாமி பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர், நம் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.

கேள்வி: குழாய் இல்லாமல் தண்ணீர் எப்படி மேலே ஏறும்?

பதில்: டிரக்கீடுகள் வழியாக. இரண்டு முனையும் மூடிய நீள செல்கள், பக்கச் சுவரில் உள்ள குழிகள் வழியே தண்ணீர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கசிந்து போகும். சைலக்குழாயில் முனைச்சுவர் திறந்திருப்பதால் நேராக ஓடும். மர அறுவைக் கடையில் ஒரு தேக்குத் துண்டு வாங்கி, முனையைப் புது பிளேடால் சீவி, கொஞ்சம் ஈரப்படுத்திப் பாருங்கள், ஊசியால் குத்தியதுபோல் வளையம் வளையமாகத் துளைகள் வெறும் கண்ணுக்கே தெரியும். பேக்கிங் பெட்டிப் பைன் பலகையையும் அப்படியே சீவினால், பிசின் ஓடும் சில துளைகள் தவிர ஒரே சீரான வலைதான். அம்போரெல்லாவும் அந்த மாதிரிதான், பூக்கும் மரமாக இருந்தும்.

கேள்வி: அப்போது பைனுக்குச் சொந்தமா?

பதில்: இல்லை. பூக்கும் தாவரம்தான்.

கேள்வி: குறுக்குவெட்டு மட்டும் போதுமா மேடம்? எங்கள் லேபில் அதுதான் செய்கிறோம்.

பதில்: போதாது. சில மரங்களில் குழாய் அவ்வளவு குறுகலாக இருக்கும், குறுக்குவெட்டில் டிரக்கீடு என்றே நினைத்துவிடுவோம். முனைச்சுவர் திறந்திருக்கிறதா என்பது ஆரவெட்டில்தான் (நடுவிலிருந்து பட்டை நோக்கி நீளவாக்கில் சீவுவது) தெரியும், தொடுவெட்டும் (வளையங்களை ஒட்டி நீளவாக்கில் சீவுவது) வேண்டும். சந்தேகம் இருந்தால் அமிலத்தில் ஊறவைத்து செல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். அப்புறம், இளங்குச்சியை வைத்து முடிவு சொல்லாதீர்கள், முதிர்ந்த கட்டை வேறுமாதிரி இருக்கும்.

கேள்வி: குழாய் இல்லை என்பதாலேயே ஆதிகால மரம் என்று சொல்லலாமா?

பதில்: இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். வின்டரேசி என்ற குடும்பத்து மரங்களுக்கும் குழாய் கிடையாது, ஆனால் மரபணுப்படி அவற்றின் நெருங்கிய உறவான கனெல்லேசி குடும்பத்துக்கு உண்டு, அதனால் வின்டரேசி இடையில் குழாயை இழந்திருக்க வேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அம்போரெல்லா மோனிமியேசியில் சேராது என்று கட்டை சொன்னது சரிதான், எங்கே சேர்ப்பது என்பதை 1999இல் வந்த மரபணு ஆய்வுகள்தான் சொல்லின: இன்றிருக்கும் மற்ற எல்லாப் பூக்கும் தாவரங்களிலிருந்தும் முதலில் பிரிந்த கிளை இது. மூதாதை என்று எழுதாதீர்கள், அதுவும் இத்தனை காலம் மாறிக்கொண்டே வந்த மரம்தான்.

கேள்வி: அபூர்வ மரத்தை ஆய்வுக்காக வெட்டலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே சேகரித்து வைத்த கட்டைத் துண்டு எங்காவது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், அனுமதி வாங்கி, முதிர்ந்த ஒரு பக்கக் கிளையில் சின்னத் துண்டு எடுத்தால் போதும்.