நீலகிரியில் பழைய விளையாட்டுப் பொருட்களைத் தேடிப் போனால் கிடைக்குமா?

மரச்சட்ட டென்னிஸ் ராக்கெட், பழைய கோல்ஃப் மட்டை, கோப்பை இவற்றையெல்லாம் சேகரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காரை எடுத்துக்கொண்டு நீலகிரிச் சந்தைகளைச் சுற்றினால் ஏதாவது தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேறும். கோயம்புத்தூரிலிருந்து இதற்காகவே பல வருடமாக மலையேறிக்கொண்டிருக்கிறேன். ஆனால் சந்தை என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரியோ, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு மாதிரியோ பழம்பொருளுக்கென்று ஓர் இடம் மலையில் இல்லை. ஊட்டி மார்க்கெட்டில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் கிடைக்கும். நீங்கள் தேடுவது பழைய இரும்புக் கடைகளிலும், எஸ்டேட் பங்களாக்களில் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்றவர்களின் வீட்டுப் பரண்களிலும் இருக்கிறது.

இந்தச் சின்ன மலையில் ஏன் இவ்வளவு விளையாட்டுச் சாமான் என்று புரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்பதும் புரியும். கோடை வந்தால் மதராஸ் அரசாங்கமே ஊட்டிக்கு இடம்பெயர்ந்த காலம் ஒன்று இருந்தது. கூடவே வெள்ளைக்காரர்களின் ஆட்டங்களும் வந்தன. நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி 1875-ல் ஜபல்பூரில் உருவாக்கிய ஸ்நூக்கர் ஆட்டத்துக்கு, 1882-ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் விதிகளை எழுதி மாட்டினார்கள் என்பார்கள். வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் கோல்ஃப், ஊட்டி நடுவில் குதிரைப் பந்தயம், வெலிங்டனில் பட்டாளத்துக்காரர்களின் ஹாக்கி, லவ்டேல் மாதிரிப் பள்ளிகளில் கிரிக்கெட். அவலாஞ்சியில் 1907-ல் டிரவுட் மீன் பொரிப்பகம் வந்த பிறகு தூண்டிலோடு வருகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வந்தவர்கள் கப்பலேறியபோது பங்களாவில் இருந்ததையெல்லாம் கொண்டுபோகவில்லை. பட்லரிடம் ஒரு பெட்டி, மார்க்கரிடம் (கிளப்பில் புள்ளி குறித்து, ஆட்டத்துக்கு உதவியாக இருப்பவர்) ஒரு ராக்கெட், தோட்டக்காரரிடம் ஒரு தூண்டில் கழி என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்று வெளியே வருவது அந்தச் சாமான்கள்தான். பேரப்பிள்ளைகள் வீட்டை இடித்துக் கட்டும்போது பரணைக் காலி செய்கிறார்கள்.

அதனால் நான் மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டு குன்னூர் வழியாக ஏறுவேன். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, ஊட்டி என்று ரோட்டோரத்து இரும்புக் கடைகளில் நின்று விசாரித்துக்கொண்டே போய், திரும்பும்போது கோத்தகிரி வழியாக இறங்குவேன். கடைக்காரரிடம் 'ஆன்டிக் இருக்கா' என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் விலை ஏறிவிடும், சாமான் மட்டும் வராது. 'பழைய பேட், ஹாக்கி மட்டை, கப் ஏதாச்சும் எடைக்கு வந்துச்சாண்ணே' என்று கேட்டால், யோசித்துப் பார்த்து உள்ளே கூப்பிடுவார்கள். போன் நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள். நல்ல பொருள் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது தடவை போகும்போதுதான் கைக்கு வரும்.

குன்னூரில் ஒரு கடையில் கோல்ஃப் மட்டைத் தலைகள் ஒரு குவியலாகக் கிடந்தன. தலை மட்டும்தான். கம்பு எங்கே என்று கேட்டேன். "மரத்துக்கு எடை கிடையாதுங்களே, அடுப்புக்குப் போயிருச்சு" என்றார். எரிந்துபோனது ஹிக்கரி மரம். 1929-ல் பிரிட்டனில் எஃகுக் குழாய்க் கம்பை அனுமதிக்கும்வரை கோல்ஃப் மட்டைகளுக்கு அந்த மரம்தான். மட்டை முழுசாக இருந்தால் காலத்தைச் சொல்லும். தலை மட்டும் என்றால் அது வெறும் இரும்பு. அவர்மேல் கோபப்பட என்ன இருக்கிறது, எடை பார்த்து வாங்குவது அவர் தொழில். கம்போடு வந்தால் எடைக்கு மேல் தருகிறேன் என்று அன்று பேசிவைத்தேன். அதற்கப்புறம் அவர் எதையும் உடைப்பதில்லை. நீங்களும் போகிற கடையிலெல்லாம் இதைச் சொல்லிவையுங்கள். ஒருவர் வாங்காவிட்டாலும் அடுத்தவருக்காவது பொருள் மிஞ்சும்.

எப்படி அடையாளம் காண்பது? ராக்கெட்டில் முதலில் கைப்பிடியைப் பாருங்கள். தோல் சுற்றாமல் மரத்திலேயே நீளவாக்கில் வரி செதுக்கியிருந்தால் 1930-களுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். சட்டம் பல மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்ததா, ஒரே துண்டு மரத்தை வளைத்ததா என்று பக்கவாட்டில் பாருங்கள். ஒரே துண்டு என்றால் பழசு. நான்கு மூலையிலும் திருகு வைத்த மரச்சட்டத்துக்குள், அதாவது பிரஸ்ஸுக்குள், இருக்கிற ராக்கெட் கிடைத்தால் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். மலை ஈரத்தில் சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் காப்பாற்றியது அந்தப் பிரஸ்தான். கோல்ஃப் மட்டையில் தலையும் கம்பும் சேருமிடத்துக் கயிற்றுச் சுற்று, முகத்தில் குத்திய புள்ளிகள், தயாரிப்பாளர் முத்திரை மூன்றையும் பார்க்க வேண்டும். டார்ச் எடுத்துப் போங்கள். துருவுக்குக் கீழே பெயர் இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சியால்கோட் முத்திரை. பிரிவினைக்கு முன்பு இந்தியாவின் விளையாட்டுச் சாமான்களுக்குப் பேர்போன ஊர் அது. 1947-க்குப் பிறகு அங்கிருந்த தொழில்காரர்கள் பலர் ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் வந்துவிட்டார்கள். ஆகவே, ஒரு ஹாக்கி மட்டையில் சியால்கோட் பெயரோடு இந்தியா என்றும் அச்சிட்டிருந்தால் அது பிரிவினைக்கு முந்தையது என்று தைரியமாகச் சொல்லலாம். வெலிங்டன் பக்கம் எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. தலை நீளமாக வளைந்த பழைய வடிவம், நுனி தேய்ந்து நார் நாராகப் பிரிந்திருக்கிறது. லண்டன் கடைப் பெயர் பொறித்த எந்த மட்டையையும் அதற்கு ஈடாக நான் வாங்க மாட்டேன்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பொருளைவிட அதைக் கையில் வைத்திருந்தவரின் பேச்சு முக்கியம். கிளப்புகளில் ஜெயித்தவர்களின் பெயர்ப் பலகைகள் பத்திரமாகத் தொங்குகின்றன. அந்த ராக்கெட்டுகளுக்கு நரம்பு கட்டியவர், பந்து பொறுக்கியவர், கோல்ஃப் பை சுமந்தவர், பில்லியர்ட்ஸ் மேஜையில் ஆட்டத்துக்கு ஆட்டம் புள்ளி குறித்த மார்க்கர் இவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்கள் நம் ஆட்கள். அவர்களின் மக்கள் இன்னும் அதே மலையில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போவதைத்தான் நான் சேகரிப்பு என்று நினைக்கிறேன்.

வெலிங்டனுக்குக் கீழே ஒரு பெரியவரைப் பார்த்தேன். அவரும் மார்க்கர், அவர் அப்பாவும் மார்க்கர். ஜூன், ஜூலை மழையில் ஆட்டுக் குடலில் செய்த ராக்கெட் நரம்பு ஊறித் தெறித்துப் போகும் என்பதால், ராக்கெட்டுகளை அலமாரிக்குள் வைத்து ஒரு பல்பை எரியவிட்டே வைத்திருப்பார்களாம். கறுத்துப்போன ஒரு ராக்கெட்டை எடுத்து வந்தார். சட்டம் விரிசல்விட்ட இடத்தில் வேறொரு மரத்துண்டை வைத்து ஒட்டி, நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தது. "இது துரை தூக்கிப் போட்டது தம்பி. எங்கப்பா சரிபண்ணி, காலையில ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி சுவத்துல அடிச்சு அடிச்சு ஆட்டம் கத்துக்கிட்டாரு. அப்புறம் அந்தத் துரைக்கே சொல்லிக் கொடுத்தாரு" என்றார். விலை கேட்கத் தோன்றவில்லை, அவரும் கொடுத்திருக்க மாட்டார். படம் எடுத்துக்கொண்டேன், சொன்னதை அவர் எதிரிலேயே எழுதிப் படித்துக் காட்டினேன், ஒரு பிரதி அவர் மகனிடம் கொடுத்தேன். என் வீட்டு அலமாரியில் இருக்கும் எந்த ராக்கெட்டுக்கும் இவ்வளவு வரலாறு கிடையாது.

ஆகவே எதை வாங்கினாலும் யாரிடமிருந்து வந்தது, எந்த எஸ்டேட், யார் வைத்திருந்தார் என்று அன்றைக்கே ஓர் அட்டையில் எழுதிப் பொருளோடு கட்டிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி மறந்துவிடும்.

கோப்பைகளுக்கும் இது பொருந்தும். பெரும்பாலானவற்றின் அடியில் இ.பி.என்.எஸ். என்று இருக்கும். அது நிக்கலும் செம்பும் கலந்த உலோகத்தின் மேல் வெள்ளி முலாம், வெள்ளி அல்ல. நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருந்தால் இங்கிலாந்தின் அசல் வெள்ளி, அந்த விலை வேறு. மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் (P. Orr & Sons) கடையின் பெயர் இருந்தால் மதராஸில் வாங்கிய பரிசு. ஆனால் நான் முதலில் பார்ப்பது வருடா வருடம் வெட்டிய பெயர்களை. வெள்ளைக்காரப் பெயர்களாகவே போய்க்கொண்டிருந்த வரிசையில் நம் பெயர்கள் வர ஆரம்பிக்கிற இடம் ஒன்று இருக்கும். அதைத் தடவிப் பாருங்கள். தயவுசெய்து பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும்.

தொடவே கூடாதவையும் உண்டு. பழைய பில்லியர்ட்ஸ் பந்துகளில் சில யானைத் தந்தத்தில் செய்தவை. வெட்டுவாக்கில் ஒன்றையொன்று குறுக்கிடும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் தந்தம். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் வந்த திருத்தங்களும் தந்த வியாபாரத்தை முழுக்கத் தடுத்துவிட்டன. எவ்வளவு பழசானாலும் வாங்காதீர்கள். புலித்தோல், கொம்பு, பாடம் செய்த தலை எல்லாமே அப்படித்தான். நூறு வருடம் தாண்டிய பொருள்களுக்குத் தொல்பொருள் சட்டம் வேறு இருக்கிறது. சேகரிக்கலாம் என்றாலும் வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதலில் அதைப் படித்துவிட வேண்டும். அப்புறம், சுற்றுலாக் கடைகளில் பளபளவென்று தொங்கும் தோல் கால்பந்து, குத்துச்சண்டைக் கையுறை எல்லாம் பெரும்பாலும் அலங்காரத்துக்காகப் புதிதாகச் செய்தவை. நிஜமாக ஆடிய பொருள் ஒரே சீராகக் கறுத்திருக்காது. கை பட்ட இடம் வழுவழுப்பாகவும், படாத இடம் சொரசொரப்பாகவும் இருக்கும்.

போவதற்கு ஜனவரி முதல் மார்ச் நல்லது. ஏப்ரல், மே சீசனில் யாருக்கும் பேச நேரம் இருக்காது. அக்டோபருக்கு மேல் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மழை வலுக்கும். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள், கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள். வாங்கிய மரச் சாமானைக் காரில் வெயில் படும்படி வைத்துக் கீழே இறக்காதீர்கள். பல வருடம் ஈரக் காற்றில் இருந்த மரம் சமவெளிச் சூட்டில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும். பழைய பருத்தித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, நிழலில் சில வாரம் அப்படியே வைத்திருந்து, அப்புறம் சுத்தம் செய்யுங்கள்.

நான் இப்போது தேடிக்கொண்டிருப்பது ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் கைக்கருவிகளை. கூரான ஊசி, இழுத்துப் பிடிக்கும் கட்டை, இடுக்கி, இவை ஒரே ஆளுடைய பெட்டியில் சேர்ந்து கிடைக்க வேண்டும். உங்கள் தாத்தாவோ அப்பாவோ நீலகிரியில் மார்க்கராகவோ கோல்ஃப் பை சுமக்கும் கேடியாகவோ இருந்திருந்தால் கீழே எழுதுங்கள். விற்கத்தான் வேண்டும் என்றில்லை. வந்து பார்த்து, படம் எடுத்து, அவர் பெயரைக் குறித்துக்கொண்டு போகிறேன்.